கனடா குளிரில் லோ டனல்: டிசம்பரில் கீரை வேண்டுமென்றால் ஆகஸ்டில் விதைக்க வேண்டும்

கேள்வி இதுதான்: டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டுக் கொல்லையில் 4 அடி அகலம், 12 அடி நீளத்தில் ஒரு பாத்தி இருக்கிறது, பிவிசி பைப்பை வளைத்து நட்டு மேலே பிளாஸ்டிக் போர்த்தி லோ டனல் போடப் போகிறேன், அக்டோபர் கடைசியில் விதைத்தால் டிசம்பர், ஜனவரியில் முளைக்கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் பறிக்க முடியுமா, குளிர் அதிகமானால் உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்தால் போதுமா? முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மிளகாயும் முளைக்கீரையும் நடக்காது. கொத்தமல்லி நடக்கும், ஆனால் அக்டோபர் கடைசியில் விதைத்தால் நடக்காது. ஹீட்டர் வேண்டவே வேண்டாம். உங்கள் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, குளிரைத் தடுத்துவிட்டால் செடி தானாக வளர்ந்துவிடும் என்று. அதைச் சரி செய்யாமல் பைப் அளவு, பிளாஸ்டிக் தடிமன் என்று ஆரம்பித்தால் நீங்களும் அருமையாக ஒரு டனல் கட்டிவிட்டு ஜனவரியில் இரண்டு இலை விட்ட நாற்றை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் படித்தது ஊரில் தோட்டக்கலை. இங்கே வந்த பிறகு பல வருடங்களாக நாற்றுப்பண்ணை வேலை, வீட்டிலும் இரண்டு பாத்தியில் ஒவ்வொரு குளிர்காலமும் டனல். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நான் சொல்லும் தேதிகள் டொரண்டோ சுற்றுவட்டாரத்துக்கு. கால்கரியிலோ எட்மண்டனிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வான்கூவர்காரர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

இங்கே குளிர்காலத்தில் செடிக்கு முதலில் தட்டுப்பாடாவது சூடு இல்லை, வெளிச்சம். டொரண்டோவில் டிசம்பர் 21 அன்று பகல் 9 மணி நேரம்கூட முழுசாக இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்குகிறது, பிப்ரவரி முதல் வாரத்தில்தான் திரும்ப அந்த அளவைத் தொடுகிறது. அந்த மூன்று மாதம் பெரும்பாலான கீரைகள் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். நீங்கள் டனலுக்குள் எவ்வளவு சூடு கொடுத்தாலும் இதில் பெரிய மாற்றம் வராது, ஏனென்றால் சூரியன் தாழ்வாக, மேகத்துக்குப் பின்னால், கொஞ்ச நேரமே இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்ற விவசாயி பல பத்தாண்டுகளாகச் சூடேற்றாத பசுமைக்குடில்களில் குளிர்காலக் கீரை எடுத்துக் காட்டியவர். இந்த 10 மணி நேரக் கணக்கைத் தோட்டக்காரர்களிடையே பரப்பியதும் அவர்தான். அவருடைய பண்ணை ஏறக்குறைய 44 பாகை அட்சரேகையில் இருக்கிறது, நம் டொரண்டோ 43.7. அதனால் அவருடைய பகல் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும்.

ஆகவே டனல் என்பது குளிர்காலத்தில் செடி வளர்க்கும் இடம் இல்லை. இலையுதிர் காலத்தில் வளர்ந்து முடித்த செடியை உயிரோடு, பறிக்கிற நிலையில் வைத்திருக்கும் இடம். மண்ணில் வேரோடு இருக்கும் ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் அதில் என்ன வைத்தீர்களோ அதைத்தான் பிப்ரவரி வரை எடுத்துச் சாப்பிட முடியும். இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தேதிக் கணக்கும் கைவேலையும்தான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் பார்த்துவிடுங்கள். பாத்தி எந்தப் பக்கம் இருக்கிறது? டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும். அந்தக் கோணத்தில் 6 அடி மரவேலி ஒன்றின் நிழல் நண்பகலிலேயே 14 அடி நீளும். 25 அடி உயர இரண்டு மாடி வீட்டின் நிழல் கிட்டத்தட்ட 60 அடி. வீட்டுக்கு வடக்கே கொல்லை இருந்தால், ஜூன் மாதம் முழு வெயிலில் தக்காளி காய்த்த அதே பாத்தி டிசம்பரில் ஒரு நிமிஷம்கூட வெயில் பார்க்காது. வளராத மாதத்தில் வெயில் எதற்கு என்று கேட்கலாம். அக்டோபரிலும் பிப்ரவரி கடைசியிலும் வெயில் வேண்டும், அப்போதும் அந்த 6 அடி வேலிக்கு 8 அடி நிழல் இருக்கிறது. அதனால் தெற்கே வேலியோ சுவரோ ஒட்டி இருக்கும் பாத்தியை விட்டுவிட்டு வடக்கு வேலி ஓரமாக, தெற்கே திறந்திருக்கிற இடத்தைப் பிடியுங்கள். பாத்தி இப்போதே போட்டாயிற்று, மாற்ற முடியாது என்றால் அக்டோபர் நடுவில் ஒரு நாள் நண்பகலில் போய் நின்று பாருங்கள், அரை பாத்திக்காவது வெயில் விழுந்தால் முயற்சி செய்யலாம்.

சரி, எதை விதைப்பது? குளிர் தாங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் முதல் இடம் ஸ்பினாச்சுக்கு. நம் ஊரில் பசலை என்று சொல்லும் கொடிப்பசலை இல்லை, அது உறைபனி பட்ட அன்றே கறுத்துப் போகும். இங்கே கடையில் ஸ்பினாச் என்று விற்கிற அந்தக் கீரை, மெதுவாகக் குளிருக்குப் பழகினால், மைனஸ் 10-ஐ எல்லாம் தாங்கும். அப்புறம் கேல் என்ற முட்டைக்கோஸ் இனத்துக் கீரை, அதிலும் வின்டர்போர் மாதிரி சுருள் இலை ரகம். மாஷ் என்று ஒரு சின்னக் கீரை, ஐரோப்பியர்கள் சாலடில் போடுவது, நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும் ஆனால் குளிரில் அதை மிஞ்ச ஆள் இல்லை. டாட்சோய், மிசுனா என்ற கடுகுக் குடும்பத்துக் கீரைகள், நம் கடுகுக்கீரை பொரியல் மாதிரி செய்தால் நன்றாகவே இருக்கிறது. வேரில் கேரட். இந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்த முகம் என்றால் கொத்தமல்லி. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கொத்தமல்லி குளிருக்குப் பயப்படாத செடி, வெயிலுக்குத்தான் பயப்படும். வெந்தயக்கீரை லேசான உறைபனியைத் தாங்கும், நல்ல குளிர் வந்தால் போய்விடும், அதனால் அதை நவம்பருக்குள் அறுத்துவிடுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கியும் அப்படித்தான், தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்துப் பகுதி உறைந்தால் கிழங்கு பஞ்சாகிவிடும்.

தேதிகள் இப்படி வரும். கேல் என்றால் ஜூலை முதல் பாதியில் நாற்று விட்டு ஆகஸ்டில் நடுவது. கேரட் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் தேதிக்குள். வெள்ளை முள்ளங்கி ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கொத்தமல்லியும் வெந்தயமும் ஆகஸ்ட் நடுவிலிருந்து, கொத்தமல்லிக்கு மட்டும் செப்டம்பர் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. ஸ்பினாச் ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 10 வரை. மாஷ், டாட்சோய் அதே சமயம். செப்டம்பரில் ஒவ்வொரு நாளும் முக்கியம், ஏனென்றால் பகல் வேகமாகச் சுருங்குகிறது. செப்டம்பர் 1 அன்று விதைத்த ஸ்பினாச்சுக்கும் செப்டம்பர் 20 அன்று விதைத்ததற்கும் இடைவெளி பார்க்க இருபது நாள் மாதிரி இருக்கும், முன்னது அக்டோபரிலேயே தட்டுக்கு வரும், பின்னது ஏப்ரலில்தான். ஏப்ரல் கீரை ஒன்றும் மோசமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஸ்பினாச் விதைப்பதில் ஒரு தொல்லை உண்டு. மண் 30 டிகிரி சூட்டைத் தொட்டால் அந்த விதை முளைக்க மறுக்கும். விதையை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து விதைப்பேன், விதைத்த வரிசை மேல் பழைய பலகை ஒன்றைப் படுக்கப் போட்டு மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பேன், முளை தலைகாட்டிய அன்றே பலகையை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நீண்டுவிடும்.

கொத்தமல்லிக்குத் தனி விதைப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. தமிழ்க் கடையில் சாம்பாருக்கு வாங்கும் முழு மல்லியே பெரும்பாலும் முளைக்கும், பழைய சரக்காக இல்லாமல் இருந்தால் சரி. ஒரு கைப்பிடியைத் தட்டில் பரப்பி, சப்பாத்திக் கட்டையை அழுத்தாமல் மேலே ஒரு முறை உருட்டுங்கள். ஒவ்வொரு மல்லியும் இரண்டு பாதியாகப் பிரியும், ஒவ்வொரு பாதியும் ஒரு விதை. அழுத்தி உருட்டினால் மல்லிப்பொடிதான் கிடைக்கும். இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நெருக்கமாகத் தூவி மூடினால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். ஜூன் மாதம் விதைத்து நான்கு இலை பறிப்பதற்குள் பூத்துவிட்டது என்று இங்கே பலரும் புலம்புவார்கள். அது நீளப் பகலும் சூடும் செய்கிற வேலை. ஆகஸ்ட் விதைப்பில் பகல் சுருங்கிக்கொண்டே போவதால் பூக்கிற எண்ணமே அதற்கு வராது, வெட்ட வெட்ட அக்டோபர் முழுக்க இலை கொடுக்கும்.

இப்போது டனல். 12 அடி பாத்திக்கு 3 அடிக்கு ஒரு வளைவு, ஆக 5 வளைவு. அரை அங்குல பிவிசி பைப்பை 7 அடிக்கு வெட்டிக்கொண்டால் 4 அடி அகலத்துக்கு வளைக்கும்போது நடுவில் இரண்டரை அடி உயரம் வரும், கேலுக்கும் அது போதும். 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை 2 அடித் துண்டுகளாக வெட்டி, பாதி மண்ணுக்குள் அடித்து, மீதிப் பாதி மேல் பைப்பைச் செருகிவிடலாம். இது கொஞ்சக் காசில் முடிகிற வழி, முதல் வருடத்துக்கு இதுவே போதும். ஆனால் பிவிசிக்கு இரண்டு குறை உண்டு. குளிரிலும் வெயிலிலும் அது நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஈர ஸ்னோ ஏறினால் தட்டையாக அமுங்கும். கூடவே பிவிசி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் கெட்டுப் போகும், அந்த வளைவுகள் மேல் வெள்ளைத் துணி நாடா சுற்றிவிட்டால் கொஞ்சம் தாங்கும். தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்று முடிவானால் மின்சார ஒயர் இழுக்கிற மெல்லிய இரும்புக் குழாய், ஈஎம்டி கான்ட்யூட் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள், அதை வளைத்துப் போடுவது நல்லது. வளைக்கிற கருவியை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பைப்பாக இருந்தாலும் உச்சியில் வளைவுக்கு வளைவு ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையிலும் முளைக்குச்சி அடித்து இழுத்துக் கட்டுங்கள். கயிறு இல்லாத டனல், வளைவுகளுக்கு நடுவே ஸ்னோ தேங்கித் தொட்டி மாதிரி தொங்கும்.

பிளாஸ்டிக் 10 அடி அகலம், 20 அடி நீளம் வாங்குங்கள். பக்கவாட்டில் ஒன்றரை அடி, முனைகளில் தரை வரை இறங்கி மேலும் கொஞ்சம் மிச்சம் என்று கணக்குச் சரியாக வரும். 6 மில் தடிமன் (மில் என்றால் மில்லிமீட்டர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பசுமைக்குடிலுக்கென்று வெயில் தாங்கப் பதப்படுத்தியது நான்கு வருடம் உழைக்கும். கட்டட வேலைக்கு விற்கும் தெளிவான பாலித்தீன் விலை குறைவு, ஒரு குளிர்காலம் ஓடும், அடுத்த வருடம் கையில் கிழியும். ஓரங்களை மண்ணால் மூடிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், டிசம்பரில் அந்த மண் சிமென்ட் போல் இறுகிவிட்டால் ஏப்ரல் வரை டனலைத் திறக்க முடியாது. மணல் மூட்டையும் செங்கல்லும்தான் வசதி, ஒரு பக்கத்தை நிரந்தரமாக இறுக்கிவிட்டு மறுபக்கம் மட்டும் தூக்கித் திறக்கும்படி வையுங்கள், தெற்குப் பக்கம் திறந்தால் கை உள்ளே விடும்போது வெயில் முதுகில் விழும், அது ஜனவரியில் சின்ன விஷயமில்லை.

இதற்கு உள்ளே இன்னொரு போர்வை வேண்டும். ஒற்றைப் பிளாஸ்டிக்கை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பகலில் பாலித்தீன் சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் மேகமில்லாத இரவில் மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிரை அது பெரிதாகத் தடுக்காது, விடியற்காலையில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர் இருப்பதை வெப்பமானி வைத்துப் பார்த்தால் தெரியும். அப்படியிருந்தும் செடி பிழைப்பதற்குக் காரணம் காற்று அடிக்காததும், மண் ஆழமாக உறையாததும்தான். டொரண்டோவில் வீட்டு அஸ்திவாரத்தை 4 அடி ஆழத்துக்கு இறக்கச் சொல்வது மண் அவ்வளவு தூரம் உறையக்கூடும் என்பதால். டனலுக்குள் மேல் மண் ஒரு சில அங்குலம் இறுகும், அதிலும் வெயில் நாளில் இளகும். உள்போர்வைக்கு ரோ கவர் என்று விற்கும் நெய்யாத வெள்ளைத் துணி, சதுர மீட்டருக்கு 19 கிராம் எடையுள்ள மெல்லிய ரகம் 85 சதவீத வெளிச்சத்தை விடும், 50 கிராம் ரகம் பாதியைத்தான் விடும். மெல்லியதை இரண்டு மடிப்பாகப் போடுவது என் வழக்கம், மார்ச் வந்தால் ஒரு மடிப்பை எடுத்துவிடலாம். துணி இலையைத் தொடாமல் இருக்கக் கனமான கம்பியில் சின்ன வளைவுகள் போட்டு அதன் மேல் விரியுங்கள், துணி பட்ட இடத்தில் இலை அதோடு ஒட்டி உறைந்து, பிறகு அந்த இடம் மட்டும் வெந்தது போல ஆகிவிடும்.

போர்த்துவதில் அவசரம் கூடாது. முதல் உறைபனி ஏரிக்கு அருகில் அக்டோபர் கடைசிப் பக்கம் தள்ளிப் போகும், ஏரியிலிருந்து தள்ளி இருக்கும் மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அப்போது துணி மட்டும் போதும். பூஜ்யத்துக்கும் 5 டிகிரிக்கும் நடுவே இரண்டு வாரம் இரவுக் குளிர் பட்டால்தான் ஸ்பினாச் தன் இலைக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு குளிருக்குத் தயாராகும். சர்க்கரை கரைந்த நீர் சுத்த நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும், டிசம்பர் ஸ்பினாச்சும் கேரட்டும் இனிப்பதற்குக் காரணமும் அதுதான். அக்டோபரிலேயே பிளாஸ்டிக்கை மூடிச் சொகுசாக வளர்த்த செடி முதல் மைனஸ் 8-இல் சுருண்டுவிடும். நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் பிளாஸ்டிக் போட்டால் போதும். அதே காரணத்துக்காகச் செப்டம்பருக்குப் பிறகு யூரியா மாதிரியான தழைச்சத்து போட வேண்டாம், மெத்தென்று வளரும் இலை குளிர் தாங்காது, வெளிச்சம் குறைந்த காலத்தில் ஸ்பினாச் அந்தத் தழைச்சத்தை நைட்ரேட்டாக இலையிலேயே சேர்த்தும் வைத்துக்கொள்ளும். விதைக்கும்போது நல்ல மக்கு உரம் இரண்டு அங்குலம் கலந்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

முதல் தடவை ஜனவரிக் காலையில் டனலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் எல்லாம் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஸ்பினாச் இலை கண்ணாடி போலக் கரும்பச்சையாக, தரையோடு படுத்துக் கிடக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும், அழுத்தினால் முறியும். தொடாமல் மூடிவிட்டு வாருங்கள். குளிருக்குப் பழகிய செடியில் பனிக்கட்டி செல்லுக்கு உள்ளே உருவாகாமல் செல்களுக்கு நடுவே உருவாகிறது, செல்லிலிருந்து நீர் வெளியே போய்த் தங்குகிறது, அதனால் இலை தொங்குகிறது. வெயில் ஏறி உள்ளே பூஜ்யத்தைத் தாண்டினால் நீர் செல்லுக்குத் திரும்பி, பன்னிரண்டு ஒரு மணிக்கு அதே இலை நிமிர்ந்து நிற்கும். அப்போதுதான் பறிக்க வேண்டும். உறைந்த நிலையில் பறித்த கீரை சமையலறையில் கொழகொழவென்று ஆகிவிடும். வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்கள், நடுக்குருத்தை விட்டுவிட்டால் அதுவே மார்ச்சில் திரும்பத் தழைக்கும். பிப்ரவரி வரை புது இலை வராது என்பதால் இருப்பைப் பார்த்துச் செலவு செய்யுங்கள், 48 சதுர அடியில் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு கூட்டு, ஒரு பொரியல் என்று ஓட்டலாம், தினமும் கீரை என்றால் நடக்காது.

தண்ணீர் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை அனேகமாக வேண்டாம். ஆவியாவது குறைவு, உள்ளே ஈரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஈரம் அதிகமானால்தான் தொல்லை, ஸ்பினாச்சில் இலைக்கு அடியில் சாம்பல் ஊதா நிறத்தில் அடிச்சாம்பல் நோய் வரும், அடி இலைகளில் பூஞ்சை பிடித்து அழுகும். மருந்து அடிப்பதெல்லாம் இந்த அளவுக்குத் தேவையில்லை, வெளியே 5 டிகிரிக்கு மேல் போகிற வெயில் நாளில் இரண்டு முனைகளையும் திறந்து காற்று விட்டு, மூன்று மணிக்கு மூடிவிடுங்கள். வெளியே மைனஸில் இருக்கும்போதுகூட வெயில் அடித்தால் உள்ளே 20 டிகிரியைத் தொடும். பகலில் அவ்வளவு சூடு, இரவில் மைனஸ் 10 என்று தூக்கித் தூக்கிப் போட்டால் செடி குளிர் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். டனலில் செடி சாவது குளிரால் பாதி, மார்ச் மாத வெயிலில் திறக்க மறந்ததால் பாதி.

எலி மாதிரி ஒன்று வரும், வோல் என்பார்கள், வால் குட்டை. ஸ்னோவுக்கு அடியில் வழி போட்டு வந்து, சூடாக, சாப்பாட்டோடு, பருந்து ஆந்தை பயம் இல்லாத ஒரு வீடு கிடைத்ததென்று டனலில் குடியேறிவிடும். கேரட்டை மேலிருந்து கீழே குடைந்து தின்றுவிட்டு இலையை அப்படியே நிற்க வைத்திருக்கும், இழுத்தால்தான் தெரியும். டனலுக்குள் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினால் அதற்கு நீங்களே மெத்தை போட்டுக் கொடுத்தது மாதிரி. கேரட் வரிசை மேல் மட்டும் வைக்கோல், மற்ற இடம் வெறும் மண், ஓரமாக இரண்டு எலிப்பொறி, இதுதான் என் ஏற்பாடு. கேரட் உங்களுக்கு முக்கியம் என்றால் வோல் வருவதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்குள் தோண்டி எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். அசுவினி பிப்ரவரி கடைசியில் வரும், ஆரம்பத்திலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம்.

ஸ்னோ பகை இல்லை. உலர்ந்த ஸ்னோ பக்கவாட்டில் குவிந்தால் குளிர் உள்ளே போகாமல் காக்கும், உச்சியில் ஏறியதை மட்டும் மெத்தென்ற விளக்குமாற்றால் தட்டிவிட்டால் போதும். உலோக மண்வாரி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், பிளாஸ்டிக் கிழியும். விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் உறைமழைதான் கெட்டது. 2013 டிசம்பரில் டொரண்டோவில் வந்த பனிக்கட்டிப் புயல் மாதிரி ஒன்று வந்தால் பிளாஸ்டிக் தரையோடு ஒட்டிவிடும், அப்போது இழுக்கவும் தட்டவும் கூடாது, இளகும்வரை விட்டுவிட வேண்டியதுதான்.

இதுவரை பெரும்பாலும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தை 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம் என்பது கோல்மனின் கணக்கு. ஆள் நின்று நடமாடும் உயரமான குடிலுக்குள் துணி போர்த்தும்போது அது ஓரளவு சரி, இரண்டரை அடி டனலில் காற்றின் கொள்ளளவே கொஞ்சம் என்பதால் அவ்வளவு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. துணியும் பிளாஸ்டிக்குமாகச் சேர்ந்து கடும் இரவில் 4, 5 டிகிரி கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்வேன், காற்று அடிக்கும் மூலை என்றால் அதுவும் குறையும். கறுப்பு வர்ணம் அடித்த தண்ணீர் கேன்களை உள்ளே வைத்தால் இரவில் சூடு கொடுக்கும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். அறிவியல் சரிதான், ஆனால் டிசம்பர் வெயிலில் அந்தக் கேன் எவ்வளவு சூடாகும், அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் எத்தனை செடி நிற்கும் என்று பார்த்தால் எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை. கேலும் கொத்தமல்லியும் ஜனவரியைத் தாண்டுமா என்பது வருடத்தைப் பொறுத்தது. சாதாரண வருடத்தில் கேல் தாண்டும், கொத்தமல்லி சில சமயம் தாண்டும். 2015 பிப்ரவரி மாதிரி வாரக்கணக்கில் மைனஸ் 15, 20 என்று போனால் ஸ்பினாச், மாஷ் தவிர எதையும் நம்ப வேண்டாம். ஒரு குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பமானி வாங்கி இலை மட்டத்தில் வைத்துவிடுங்கள், உங்கள் கொல்லையைப் பற்றி என்னைவிட அது நன்றாகச் சொல்லும்.

ஹீட்டர் விஷயம். டனலுக்குள் போகும் சூடு சில நிமிடத்தில் வெளியே போய்விடும், மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றும் சுவர் இல்லை. ஈரமான இடம், தரையோடு ஒயர், தொடும் தூரத்தில் பிளாஸ்டிக்கும் துணியும், தீப்பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அப்படியே ஓடினாலும் மின்சாரச் செலவுக்குத் தமிழ்க் கடையில் கட்டுக்கட்டாகக் கீரை வாங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள் மண்ணுக்கு அடியில் புதுக் குதிரைச் சாணத்தைப் போட்டு அது மக்கும் சூட்டில் குளிர்காலக் கீரை எடுத்தார்கள். ஊர் முழுக்கக் குதிரை வண்டி ஓடிய காலம், சாணத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களும்கூட மிளகாய் போடவில்லை, லெட்டூஸ், முள்ளங்கி, கேரட் மாதிரியானவற்றைத்தான் போட்டார்கள்.

இந்த வருடம் ஆகஸ்டைத் தவறவிட்டிருந்தால் செப்டம்பர் 25-க்குள் பாத்தி முழுக்க ஸ்பினாச் விதையுங்கள். நாலைந்து இலையோடு குளிர்காலத்துக்குள் நுழையும், பெரிய செடியைவிட அந்தச் சின்னச் செடி குளிரை நன்றாகவே தாங்கும். பிப்ரவரி நடுவிலிருந்து அசைய ஆரம்பிக்கும், அக்கம்பக்கத்தில் மண்ணைக் கிளறக்கூட ஆரம்பிக்காத ஏப்ரலில் நீங்கள் கூடை கூடையாகப் பறிப்பீர்கள். மே நடுவில் பகல் நீண்டதும் பூத்துவிடும், அதற்குள் சாப்பிட்டு முடித்து வேரோடு பிடுங்கிவிடுங்கள். டனலில் எனக்கு மிகவும் பிடித்த மாதம் இந்த ஏப்ரல்தான், டிசம்பர் அறுவடையெல்லாம் சும்மா பெருமைக்கு.

உங்கள் முளைக்கீரைக்கும் மிளகாய்க்கும் டனல் உதவும், ஆனால் மே மாதத்தில். இங்கே மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகுதான் வெப்பக் காய்கறி நாற்றை வெளியே நடுவது வழக்கம். டனல் இருந்தால் முளைக்கீரையை மே முதல் வாரத்திலேயே விதைக்கலாம், மிளகாய் நாற்றையும் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக நடலாம், இரவு மூடி, பகலில் திறந்து. இப்போது தொட்டியில் காய்த்துக்கொண்டிருக்கும் மிளகாய்ச் செடி இருந்தால் முதல் உறைபனிக்கு முன்னால் பாதி உயரத்துக்கு வெட்டி வீட்டுக்குள் தெற்கு ஜன்னலில் வைத்துவிடுங்கள், தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் அடுத்த வருடமும் அதே செடி காய்க்கும். பாத்தி எந்தத் திசை பார்த்து இருக்கிறது, தெற்கே என்ன உயரத்தில் என்ன நிற்கிறது என்று எழுதினால் எந்தப் பாதியில் எதை விதைக்கலாம் என்று சொல்கிறேன்.